எந்தச் சீட்டு வந்தாலும் ஏற்றுகிறவர்

மாசி, பங்குனியில் காவேரிப்பட்டணம் பக்கம் போனால் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தனியாகக் குவிப்பார்கள். எங்கள் மாமா வீட்டிலும் அப்படித்தான். அந்தக் குவியலிலிருந்து ஆளுக்கு நூறு கொட்டை எண்ணி வைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேர் பாயை விரித்துப் போக்கர் ஆடுவோம். ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் சித்தி மகன். பெங்களூரில் பிஜியில் தங்கியிருந்தபோது கூட இருந்த பையன்களிடம் கற்றுக்கொண்டான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, வார லீவுக்கு ஊருக்கு வந்துவிடுவான்.

தம்பி ஆடுகிற விதம் ஒன்றே ஒன்றுதான். சீட்டு நல்லதோ கெட்டதோ, ஏற்றிக்கொண்டே போவான். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோருமே பயந்தோம். ஒரு மாதம் கழித்து யாருமே பயப்படவில்லை. இடையில் என்ன நடந்தது என்று யோசித்ததில்தான் இந்த ஆட்டத்தின் உள்கணக்கு எனக்குப் பிடிபட்டது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் விழுகிற குழியும் இதுதான் என்பதால், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

போக்கரில் பல வகை உண்டு. உலகம் முழுக்க அதிகம் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, அதை மற்றவர்களுக்குக் காட்டக் கூடாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும். முதலில் மூன்று சேர்ந்தாற்போல, அதற்குப் பெயர் ஃபிளாப். அப்புறம் ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். கையில் உள்ள இரண்டும் பொதுவில் உள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில் எந்த ஐந்து சிறந்ததோ அதுதான் உங்கள் கை. ஃபிளாப்புக்கு முன் ஒரு சுற்று, பின் ஒவ்வொரு முறை திறந்த பிறகும் ஒரு சுற்று என நான்கு முறை பந்தயம் வைக்கலாம். யாரும் வைக்கவில்லை என்றால் சும்மா தட்டிவிட்டு நகரலாம், அது செக். எதிராளி வைத்ததைச் சமமாகக் கட்டினால் கால். கூட்டினால் ரெய்ஸ். சீட்டைக் கவிழ்த்துப் போட்டு விலகினால் ஃபோல்டு. இருப்பதை எல்லாம் நடுவில் தள்ளினால் ஆல் இன். நடுவில் சேருகிற குவியலுக்குப் பாட் என்று பெயர்.

ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. மூணு சீட்டு ஆடிப் பழகியவர்களுக்கு மட்டும் ஒரு இடத்தில் குழப்பம் வரும். மூணு சீட்டில் பிளைண்டு என்றால் சீட்டைப் பார்க்காமலே கட்டுவது. பார்த்து ஆடுகிறவர் கட்டுவதில் பாதியைப் பார்க்காதவர் கட்டினால் போதும். அதாவது குருட்டுத் துணிச்சலுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு தள்ளுபடி உண்டு. போக்கரில் பிளைண்டு என்பது வேறு. ஒவ்வொரு ஆட்டத்திலும் முறை வைத்து இரண்டு பேர் சீட்டு வருவதற்கு முன்பே கட்டாயமாக வைக்கிற சின்னத் தொகை அது. எங்கள் ஆட்டத்தில் ஒருவர் ஒரு கொட்டை, அடுத்தவர் இரண்டு. துணிச்சலுக்குத் தள்ளுபடி எதுவும் கிடையாது. நூறு வைத்தால் நூறும் உங்களுடையதுதான்.

சரி, ஏற்றி ஆடுவது தப்பா? தப்பில்லை. சொல்லப்போனால் போக்கரில் சரியான பழக்கமே அதுதான், தம்பி கற்றுக்கொண்டதும் அதைத்தான். கால் மட்டும் செய்துகொண்டு போகிறவர் ஜெயிக்க ஒரே வழிதான் இருக்கிறது, கடைசியில் சீட்டைத் திறக்கும்போது அவர் கை பெரிதாக இருக்க வேண்டும். ஏற்றுகிறவருக்கு இரண்டு வழி. கை பெரிதாக இருந்தாலும் ஜெயிக்கலாம், எதிராளி பயந்து கவிழ்த்துவிட்டாலும் ஜெயிக்கலாம். அந்த இரண்டாவது வழி சாதாரணமானதல்ல. கையில் ஜோடி இல்லாத இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு, ஃபிளாப்பில் அதில் ஏதாவது ஒன்றுக்கு ஜோடி விழுவது மூன்றில் ஒரு முறைதான். மூன்றில் இரண்டு முறை அவர் கை காலி. அந்த நேரத்தில் நீங்கள் தைரியமாக வைத்தால், அவர் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டதும் புதியவருக்கு ஒரு போதை வந்துவிடும். ஆனால் இது எதிரே ஒரே ஒரு ஆள் இருக்கும்போது உள்ள கணக்கு. நான்கு பேர் உள்ளே இருந்தால் நான்கு பேருக்குமே ஃபிளாப் விழாமல் போவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறைதான். அப்போது வெறும் கையோடு தள்ளினால் யாராவது ஒருவர் நிச்சயமாக நிற்பார். அதனால் ஏற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது தன் கையை மட்டுமல்ல, எத்தனை பேர் இன்னும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும்.

போக்கர் ஆடுகிறவர்கள் ஆட்டக்காரர்களை வகை பிரிப்பது இரண்டு விஷயத்தை வைத்து. எத்தனை கைகளுக்கு உள்ளே வருகிறார், வந்த பிறகு எவ்வளவு ஏற்றுகிறார். கொஞ்சம் கைகளை மட்டும் பொறுக்கி எடுத்து அவற்றைப் பலமாக ஏற்றுகிறவரை டைட் அக்ரெசிவ் என்பார்கள். புதியவர்களுக்குப் பாதுகாப்பான வழி அது. நிறையக் கைகளுக்கு வந்து ஏற்றினாலும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் லூஸ் அக்ரெசிவ். அது கைதேர்ந்தவர்கள் வேலை. நிறுத்தவே தெரியாதவருக்கு அந்த மேசைகளில் வைத்திருக்கிற பெயர் மேனியாக். வெறிபிடித்தவர் என்று பொருள். வெளியிலிருந்து ஒரு பத்து ஆட்டம் பார்த்தால் இரண்டாமவரும் மூன்றாமவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். தம்பி தன்னை இரண்டாவது வகை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது கொட்டையை எண்ணிப் பார்ப்போம். ஐந்து பேர், ஆளுக்கு நூறு. பிளைண்டு இரண்டும் சேர்ந்து பாட்டில் மூன்று கொட்டை இருக்கிறது. முதல் முறை தம்பியுடையது. சீட்டைச் சரியாகக் கூடப் பார்க்காமல் நூறையும் தள்ளுகிறான். மூன்று கொட்டைக்காக நூறு. மற்ற நான்கு பேரும் கவிழ்த்தால் அந்த மூன்றும் அவனுக்கு.

52 சீட்டிலிருந்து இரண்டு சீட்டு வருவதற்கு 1,326 விதம் இருக்கிறது. அதில் பத்து ஜோடியிலிருந்து ஏஸ் ஜோடி வரை முப்பது விதம். ஏஸோடு ராஜா பதினாறு விதம், ஏஸோடு ராணி பதினாறு. ஆக மொத்தம் 62. மிகவும் பயந்தவர்கள்கூட ஆல் இன்னுக்கு எதிரே நின்று பார்க்கிற கைகள் இவை. ஒரு ஆளிடம் இப்படி ஒரு கை இருப்பது நூறில் ஐந்து முறைக்கும் குறைவு. கேட்டால் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் எதிரே நான்கு பேர். நான்கில் ஒருவரிடமாவது இருப்பது ஏறக்குறைய ஆறு ஆட்டத்துக்கு ஒரு முறை. ஐந்து முறை மும்மூன்றாக எடுத்துப் பதினைந்து கொட்டை சேர்ப்பான், ஆறாவது முறை நூறையும் கொண்டுபோய் ஒரு ராணி ஜோடி முன்னால் வைப்பான். கண்ட சீட்டை வைத்துக்கொண்டு அந்த மாதிரிக் கைகளை ஜெயிப்பது மூன்றில் ஒரு முறைக்கும் குறைவு. இதுவும் எதிராளிகள் கோழைகள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குதான். அவர்கள் கொஞ்சம் தைரியம் பெற்று எட்டு ஜோடிக்கும் நிற்க ஆரம்பித்தால் இன்னும் மோசம்.

நடு ஆட்டத்துக்கும் இதே போல ஒரு எளிய வாய்பாடு இருக்கிறது. வைப்பதை, வைப்பதும் பாட்டும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். வெறும் கையோடு மிரட்டும்போது, அத்தனை பங்கு முறை எதிராளி கவிழ்த்தால்தான் முதலுக்கு மோசமில்லை. பாட்டில் இருபது இருக்கிறது, பத்து வைக்கிறீர்கள் என்றால் மூன்றில் ஒரு முறை அவர் கவிழ்த்தால் போதும். இருபது வைத்தால் இரண்டில் ஒரு முறை. அறுபது வைத்தால் நான்கில் மூன்று முறை. பத்து வைத்தாலே போய்விடுகிற ஆளை விரட்ட அறுபது வைப்பது வீண். பத்துக்குப் போகாத ஆள் அறுபதுக்கும் பல நேரம் போகமாட்டார், ஏனென்றால் அவரிடம் சீட்டு இருக்கிறது. நான் முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான், பெரிதாக வைப்பதே தைரியம் என்ற எண்ணம் என்னை விட்டுப் போனது.

இன்னொரு விஷயம் இந்தக் கணக்கில் அடங்காது. ஏற்றுவது என்பது வாயைத் திறக்காமல் ஒன்றைச் சொல்வது. 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்கிறீர்கள். கேட்கிறவர் நம்ப வேண்டும். இதை எங்களுக்கு விளங்க வைத்தவர் மாமாதான்.

மாமா பல வருஷம் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் இரண்டு பேரும் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குப் போக்கர் விதிகளே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாகத் தம்பி ஏற்றிய எல்லாவற்றுக்கும் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். தம்பி முன்னால் 140 கொட்டை, மாமா முன்னால் 110.

அந்த ஆட்டத்தில் மாமா இரண்டு கொட்டை பிளைண்டு. தம்பி எட்டாக ஏற்றினான். நாங்கள் மூன்று பேரும் விலகிவிட்டோம். மாமா சீட்டை முனை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னும் ஆறு போட்டார். பாட்டில் பதினேழு. ஃபிளாப் திறந்தோம். ஸ்பேடு ராஜா, டைமன் எட்டு, ஆர்ட்டின் மூன்று. மாமா தட்டினார். தம்பி பதினைந்து வைத்தான். மாமா எண்ணிப் பதினைந்து போட்டார். டர்ன் கிளாவர் ஐந்து. மாமா மறுபடி தட்டினார். தம்பி ஒரு பிடி அள்ளி எண்ணி நாற்பது வைத்தான். மாமா வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு நாற்பது போட்டார். பாட்டில் 127. ரிவர் ஸ்பேடு எட்டு. மாமா மூன்றாவது முறையும் தட்டினார். தம்பி தன் குவியலை அப்படியே புறங்கையால் நகர்த்தி, "எல்லாம்" என்றான்.

மாமா முன்னால் மீதி இருந்தது 47. அதைப் போட்டால் அவருக்கு வரக்கூடியது 174. அதாவது ஐந்தில் ஒரு முறைக்குச் சற்று மேல் அவர் கணிப்பு சரியாக இருந்தாலே இந்தக் காலுக்கு நஷ்டமில்லை. மாமாவுக்கு இந்த வகுத்தல் எல்லாம் தெரியாது. அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "நீ வந்ததிலிருந்து எல்லா மாட்டுக்கும் ஒரே வெலதான்டா சொல்லிக்கிட்டு இருக்க. அப்ப மாட்டப் பாத்துச் சொல்லலன்னு அர்த்தம்." நாற்பத்தேழையும் போட்டார்.

மாமாவிடம் கிளாவர் ராஜா, டைமன் ஜாக்கி. ராஜா ஜோடியும் நடுவில் கிடந்த எட்டு ஜோடியும். தம்பியிடம் ஸ்பேடு பத்து, ஸ்பேடு ஏழு, ஒன்றுமில்லை. 221 கொட்டையையும் மாமா மடியில் கட்டிக்கொண்டார்.

கவனித்தால், மாமாவின் கை அப்படியொன்றும் பெரியதல்ல. வேறொரு ஆள், மணிக்கு இரண்டு முறை மட்டும் ஏற்றுகிற ஆள், இதே மூன்று பந்தயத்தையும் இதே அளவில் வைத்திருந்தால் மாமா டர்னிலேயே கவிழ்த்திருப்பார். ராஜா ஜோடியை ஜெயிக்கிற கைகள்தான் அந்த ஆளிடம் இருக்கும். அதே கொட்டை, அதே அளவு, ஆனால் சொன்னவர் வேறு என்பதால் சொல்லின் எடையே மாறிவிடுகிறது. எப்போதும் ஏற்றுகிறவர் கொட்டையை இழப்பதற்கு முன்பே இந்த எடையை இழந்துவிடுகிறார். அவருக்கு உண்மையிலேயே ஏஸ் ஜோடி வருவதோ 221-இல் ஒரு தடவைதான்.

பின்னே ஏன் இவர்கள் நிறுத்துவதில்லை? தொடக்கத்தில் அது பலிக்கிறது, அதுதான் காரணம். அறிமுகமில்லாத மேசையில் முதல் அரை மணி நேரம் எல்லோரும் ஒதுங்குவார்கள். பாட் பாட்டாக வந்து சேரும். அந்த அரை மணி நேரம் மனதில் பதிந்துவிடுகிறது. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. தோற்ற உடனே வருகிற வேகம். அதற்கு போக்கர்காரர்கள் டில்ட் என்பார்கள். பின்பால் இயந்திரத்தைக் கோபத்தில் பிடித்து ஆட்டினால் அது டில்ட் என்று காட்டி நின்றுவிடும், அங்கிருந்து வந்த சொல். அந்த 221 கொட்டை போன பிறகு தம்பியிடம் முப்பதுதான் இருந்தது. அடுத்த சீட்டைக் கையில் எடுக்காமலே முப்பதையும் தள்ளினான். அது பாணி அல்ல, கோபம். ஆனால் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆடுகிறவருக்கே வித்தியாசம் தெரியாது. நான் ஒரு அடையாளம் வைத்திருக்கிறேன். ஏற்றுவதற்கு முன் 'எந்தக் கை கவிழும், எந்தக் கை நிற்கும்' என்று மனதுக்குள் பதில் சொல்ல முடிந்தால் அது ஆட்டம். பதில் வராமல் கை மட்டும் முந்திப் போனால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டிய நேரம்.

முரட்டு ஆட்டம் ஆடியே உலக சாம்பியன் ஆனவர்கள் இல்லையா என்று தம்பி கேட்பான். இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டூ உங்கர் 1980, 1981, 1997 என மூன்று முறை போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். அதற்கு முன்பே ஜின் ரம்மியில் அவரோடு ஆட ஆள் கிடைக்காத அளவுக்குப் பெயர் வாங்கியவர். மேசையில் எதிராளிக்கு மூச்சுவிட இடம் கொடுக்காமல் ஏற்றுவார். ஆனால் போன சீட்டுகளை எல்லாம் நினைவில் வைத்திருக்கும் அபாரமான மனம் அவருடையது, யார் எந்த நிமிஷம் பயப்படுகிறார் என்று பார்த்துத்தான் கை நீட்டுவார். நாம் வெளியிலிருந்து பார்ப்பது ஏற்றுவதை மட்டும். மேசையை விட்டு எழுந்த பிறகு அந்தக் கட்டுப்பாடு அவரிடம் இருக்கவில்லை. போதைப் பழக்கமும் பந்தயங்களும் எல்லாவற்றையும் கரைத்துவிட்டன. 1998 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு மோட்டல் அறையில், 45 வயதில் இறந்து கிடந்தார்.

தம்பி மாதிரி எப்போதும் ஏற்றுகிற ஆள் ஒருவர் உங்கள் மேசையில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு நீங்களும் வெறியாக ஏற்றாதீர்கள், அது காசைச் சுண்டிப் பார்ப்பது போல ஆகிவிடும். அவருக்கு இடது பக்கம் இடம் கிடைத்தால் உட்காருங்கள். போக்கரில் முறை இடது பக்கமாகத்தான் நகரும், அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். நல்ல கை வந்தால் மாமா மாதிரி தட்டிக்கொண்டே இருங்கள், அவரே வைத்துக்கொண்டு போவார். வழக்கமாகக் கவிழ்த்துவிடுகிற நடுத்தரக் கைகளுக்கும் கொஞ்சம் நின்று பாருங்கள். அவரை மிரட்டப் பார்க்காதீர்கள், கவிழ்க்கத் தெரியாதவரிடம் மிரட்டல் எடுபடாது. இவ்வளவும் செய்தும் சில நாள் தோற்பீர்கள். கண்ட சீட்டுக்கு எதிரே ஏஸ் ஜோடியே ஏறக்குறைய ஏழில் ஒரு முறை தோற்கும். அன்றைக்கு மனசு ஆறவே ஆறாது. ஆனால் உங்கள் முடிவு தப்பாகிவிடாது.

கொட்டையை விட்டுவிட்டுப் பணத்துக்கு ஆடலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தமிழ்நாடு 2022-இல் கொண்டுவந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ரம்மியோடு போக்கரும் இருந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, இந்த இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்த அட்டவணையை மட்டும் நீக்கியது. அப்புறம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே போகாமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. சட்டம் இருக்கட்டும். மேலே சொன்ன டில்ட் என்பது புளியங்கொட்டைக்கே ஒருவனை அப்படி ஆட்டுகிறது. அந்த இடத்தில் மாதச் சம்பளமோ, மாங்காய் விற்ற பணமோ இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்களிலேயே பல வீடுகள் பார்த்திருக்கின்றன. கொட்டைக்கு ஆடுங்கள், கணக்கு ஒன்றுதான்.

தம்பிக்கு நான் ஒரு நோட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏற்றினானா என்று ஒரு கோடு, ஏன் ஏற்றினான் என்று ஒரு வார்த்தை. முதல் நாள் நாற்பது ஆட்டத்தில் முப்பத்துநான்கு கோடு. ஏன் என்ற இடத்தில் பாதி காலியாக இருந்தது. அவனே அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அடுத்தடுத்த வாரங்களில் கோடுகள் குறைந்தன. சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது, எழுந்து போய்ப் புளி மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வான்.

சித்திரையில் ஒரு ராத்திரி, அன்றைக்கு அவன் அதுவரை இரண்டே முறைதான் ஏற்றியிருந்தான். மூன்றாவது முறை ஏற்றியபோது மாமா மட்டும் நின்றார். ஃபிளாப்பில் ஏஸ் ஒன்று விழுந்தது, கூட ஒரு ஜாக்கி, ஒரு இரண்டு. மாமா தட்டினார், தம்பி பத்து வைத்தான், மாமா போட்டார். டர்ன் நான்கு. தம்பி இருபத்தைந்து எண்ணி வைத்தான், ஒவ்வொன்றாக. மாமா தன் சீட்டை இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். அப்புறம் விலகிக்கொண்டு சீட்டைத் திறந்தே போட்டார், ஒன்பது ஜோடி.

"ஏஸ் இருக்குதாடா?" என்றார்.

"ஆட்டம் முடிஞ்சிருச்சு மாமா" என்று தம்பி தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே கட்டில் சேர்த்தான்.

அடுத்துக் கலைக்கிற முறை என்னுடையது. கட்டைத் தட்டி அடுக்கும்போது அந்த இரண்டும் கண்ணில் பட்டன. ஒரு ஆறும் ஒரு பத்தும். நான் ஒன்றும் சொல்லாமல் கலைத்துவிட்டேன்.